கோச்சி வந்த பக்கம்

யோகலிங்கம் ஒரே ஒரு பொய்யைத்தான் பதினொரு வருடமாகக் கட்டிக் காத்து வந்தார். மற்றப்படி அவர் வாயைத் திறந்தால் உண்மைதான் வரும், அதுவும் ஆட்களுக்குக் கோபம் மூட்டுகிற உண்மை. உன்னுடையது வண்டியல்ல, சில்லுப் பூட்டிய தகரக் கொட்டில் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அந்த ஒற்றைப் பொய் அவருடைய இடது காதைப் பற்றியது. அது கேட்காது, கேட்பதாகக் காட்டிக்கொண்டு வந்தார்.

அறுபத்தெட்டாம் ஆண்டு உள்துறைமுகத்தில் நீரடியில் தாண்டுபோன படகொன்றுக்குக் கயிறு கட்ட ஆள் கிடைக்கவில்லை. வீறாப்புக்கு இவர் சுழியோடினார். அடியில் போனதும் காதுக்குள் ஏதோ வெடித்தது. கொஞ்ச நாள் இரத்தம், பிறகு பல மாதம் சீழ், அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தில் ஒன்றுமேயில்லை. வாகனங்களுக்கு மின்வேலை செய்கிறவனுக்குக் காதுதான் பாதித் தொழில். டைனமோ முனகுவதையும் ஸ்டார்ட்டர் பல்லைக் கடிப்பதையும் கேட்டுத்தான் நோயைச் சொல்ல வேண்டும். ஒற்றைக் காதன் என்று ஊர் அறிந்தால் எவன் வண்டியைக் கொண்டுவந்து விடுவான்? இதை நினைத்து அவர் மனைவி கமலாதேவியைத் தவிர ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

எழுபத்தொன்பதாம் ஆண்டு மாசியில் ஒரு காலை, கிண்ணியாப் புடைவை வியாபாரி கலீலுர் றஹ்மான் தன் வீட்டு வான் வண்டியை யோகலிங்கத்தின் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். அது ஒரு பழைய மொறிஸ் வான். நிலாவெளியில் கிடந்த வெள்ளைக்காரச் சோடி ஒன்று அதற்குள் கட்டில், அலுமாரி, அடுப்பு எல்லாம் பொருத்திக் குடும்பம் நடத்திவிட்டு, ஊர் திரும்பும்போது இவனுக்கு விற்றிருந்தது. அறுவடைக் காலத்தில் றஹ்மானும் மனைவி றுக்கியாவும் புடைவைகளோடு அதிலேயே ஊரூராகப் போய்த் தங்குவார்கள். முந்தின மாதம் திரியாயில் வானின் பழைய றேடியோவை நாள் முழுக்கப் பாடவிட்டதில் பற்றரி செத்து, வயலில் நின்றவர்கள் கூடித் தள்ளித்தான் வானை உயிர்ப்பித்திருக்கிறார்கள்.

இப்போது றுக்கியாவின் தம்பி குவைத்திலிருந்து வந்தபோது ஒரு ஜப்பான் கசெற் பெட்டியும் இரண்டு ஸ்பீக்கரும் கொண்டுவந்து கொடுத்திருந்தான். அதைக் கட்டிலுக்குக் கீழே விளக்குகளுக்காக இருக்கும் இரண்டாவது பற்றரியில் பூட்ட வேண்டும். என்ஜின் பற்றரியில் ஒரு துளியும் உறிஞ்சக் கூடாது. ஆனால் வான் ஓடும்போது இரண்டும் சார்ஜ் ஏற வேண்டும். பின்னேரம் நாலு மணிக்குப் பாதை, அதாவது வாகனங்களை ஏற்றிக் கடல்வாயைக் கடத்தும் மிதவை. அதைப் பிடித்தால்தான் நாளைக்குக் கிளிவெட்டியில் கடை விரிக்கலாம்.

பற்றரி விசயம் யோகலிங்கத்துக்குத் தண்ணீர் பட்ட பாடு. துறைமுக டொக்யாட்டில் வெள்ளைக்காரனிடம் பழகிய கையல்லவா. இரண்டு பற்றரிக்கும் நடுவில் ஒரு தடித்த சுவிட்ச் வைத்தார். ஓடும்போது போட்டால் இரண்டும் சேரும், நிற்கும்போது எடுத்தால் இரண்டும் பிரியும். பிறகு கசெற் பெட்டியை ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் தகரத்தோடு சேர்த்து முறுக்கிவிட்டு வயரைத் தொடுத்தார். படீரென்று ஒரு பொறி பறந்து ஃபியூஸ் போனது.

றஹ்மானின் முகம் செத்துவிட்டது. யோகலிங்கம் அசையாமல் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். அந்தக் காலத்து ஆங்கில வண்டிகளில் பற்றரியின் சிவப்பு முனையைத்தான் வண்டியின் இரும்பு உடம்போடு பூட்டுவார்கள். ஜப்பான்காரனுடைய பெட்டிக்கோ கறுப்பு முனைதான் உடம்பு. இரண்டு உடம்பும் தொட்டால் சிவப்பும் கறுப்பும் முட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? ஃபியூஸ் தன் உயிரைக் கொடுத்துப் பெட்டியைக் காப்பாற்றியிருந்தது. இரண்டு நாட்டுக்காரர் எங்கோ இருந்து யோசித்ததெல்லாம் தன் உள்ளங்கைக்குள் வந்து சண்டை பிடிக்கிறதே என்று அவருக்கு உண்மையிலேயே பிரமிப்பாக இருந்தது.

வழி ஒன்றுதான். பெட்டி வானைத் தொடவே கூடாது. முதிரைப் பலகை எடுத்து, முன் இருக்கைகளின் முதுகுக்குப் பின்னால் வானின் அகலத்துக்கு ஒரு நீளமான மரப்பெட்டி அடித்தார். நடுவில் கசெற் பெட்டி, இரு முனையிலும் ஸ்பீக்கர்கள். ஒரு ஆணி கூட வானின் இரும்பில் முட்டவில்லை. கசெற் பெட்டியிலிருந்து ஸ்பீக்கர்களுக்கு இரண்டு சோடி வயர் வந்தது. கோயில் திருவிழாவிலும் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியிலும் ஒரே சோடி வயரில் எட்டு ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவருக்கு இரண்டாவது சோடி எதற்கென்று விளங்கவில்லை. மேலதிகமாக வைத்திருக்கிறான் போல என்று அதை ஒட்டு ரேப் சுற்றி ஒதுக்கிவிட்டு, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரு சோடியிலேயே சேர்த்துக் கட்டினார்.

மூன்று மணிக்கு றஹ்மான் பெட்டியோடு வந்திருந்த கசெற்றைப் போட்டான். பாட்டில்லை. மழை கொட்டியது, பிறகு தூரத்தில் ஒரு ரயில், ஊர்ப்பேச்சில் கோச்சி, கூவிக்கொண்டு வந்து போனது. சத்தம் கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. யோகலிங்கம் கைகளைத் துடைத்தபடி, இரண்டு பக்கமும் ஒரு குறையில்லை, தங்கம் மாதிரி என்றார்.

றஹ்மானோடு வந்து வானுக்குள் கட்டிலில் இருந்த றுக்கியா தலையை ஆட்டினாள்.

"இல்ல அண்ணன். தம்பி வந்திருந்த நேரம் வீட்டில போட்டுக் காட்டினவன். கோச்சி இடப்பக்கத்தால வந்து, நடு நெஞ்சைக் கடந்து, வலப்பக்கத்தால போச்சு. இதில வாறதும் இல்ல, போறதும் இல்ல. நிண்ட இடத்திலயே நிக்கிது. உங்களுக்கு வித்தியாசம் கேக்கல்லையா?"

யோகலிங்கம் கை துடைத்த துணியைக் கீழே போட்டார். அவருக்கு எந்தச் சத்தமும் எந்தப் பக்கத்தாலும் வந்து பதினொரு வருடம். உலகம் முழுவதும் வலது காதின் வாசலில் வந்து நிற்கும், அவ்வளவுதான். காட்டிக்கொள்ளாமல், ஏதோ வயர் மாறிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு குனிந்தார். ஒதுக்கி வைத்த சோடி அவரைப் பார்த்துச் சிரித்தது. ஆகவே இரண்டு வாய்க்கும் இரண்டு கதை! வலதுக்கு ஒன்று, இடதுக்கு ஒன்று. ரேப்பைக் கழற்றி இடது ஸ்பீக்கரை அந்தச் சோடியில் பூட்டினார்.

ஆனால் சரியாகிவிட்டதென்று எப்படித் தெரிந்துகொள்வது? றுக்கியாவிடம் கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். கையை வைத்தால் அதிர்வு தெரியும், ஆனால் அவர் கை முப்பது வருடமாகக் காய்ச்சிப்போன கை. எனவே ஆணியைப் பார்ப்பவர்போல முழந்தாளில் இருந்து, இடது கன்னத்தை மரப்பெட்டியின் இடது முனையில் நன்றாக அழுத்தி வைத்தார். றஹ்மான் கசெற்றை மறுபடி ஓடவிட்டான்.

மழை பெய்தது. செத்த காதுக்குள் பெய்தது.

முதிரைப் பலகை வழியாக, கன்னத்து எலும்பு வழியாக, அடைத்துக் கிடந்த வாசலைச் சுற்றிக்கொண்டு சத்தம் பின்வளவால் உள்ளே வந்துகொண்டிருந்தது. தூரத்தில் ரயில் கூவியது. அது இடப்பக்கத்தில் கூவியது. இடப்பக்கம் என்றொரு பக்கம் இன்னும் இருந்தது! ரயில் நெருங்கி, சில்லுகள் தடதடக்க அவருடைய மண்டைக்குள் நுழைந்து, நெற்றியின் நடுவால் கடந்து, மேலே திறந்திருந்த வலது காதின் பக்கமாகப் போய்த் தேய்ந்தது. தலையைத் தூக்கினார். இடப்பக்கம் அணைந்துபோனது. திரும்பவும் கன்னத்தை வைத்தார். கடவுளே, இருந்தது. கண்ணீர் பலகையில் விழுந்ததை அவர் துடைக்கவில்லை.

றஹ்மான் கசெற்றை நிறுத்திவிட்டுப் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்து குந்தினான். பொய்யைத் தொடரலாமா என்று யோகலிங்கம் ஒரு கணம் யோசித்தார். இப்படி ஒன்றைக் கேட்ட பிறகு அது ஒரு சின்ன விசயமாகத் தெரிந்தது.

"தம்பி, எனக்கு இந்தக் காது பதினொரு வருசமாக் கேக்கிறேல்ல. ஒருத்தருக்கும் சொல்லாமல் மறைச்சுப்போட்டன். இப்ப கோச்சி இந்தப் பக்கத்தால வந்தது."

றஹ்மான் றுக்கியாவைப் பார்த்தான். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அண்ணன், அது எனக்குத் தெரியும். கராஜ்காரர், லொறிக்காரர் எல்லாருக்கும் தெரியும். அதாலதானே நாங்க எப்பவும் உங்கட வலப்பக்கம் வந்து நிண்டு கதைக்கிறது. நீங்க மறைக்கிறதால நாங்களும் கேக்கல்ல."

யோகலிங்கம் பட்டறையைத் திரும்பிப் பார்த்தார். பதினொரு வருடமாக அவர் குந்தியிருந்து வேலை செய்த அதே இடம். ஆட்கள் ஏன் எல்லோரும் அந்த ஒரே பக்கத்தில் வந்து நிற்கிறார்கள் என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. அங்கேதான் நிழல் போல என்று விட்டிருந்தார்.

நிழல் இடப்பக்கத்தில் இருந்தது. அவருடைய வலப்பக்கம் மேற்கு. பின்னேரம் முழுவதும் அந்தப் பக்கம் நெருப்பு வெயில் அடிக்கும்.