மாப்பிள்ளையின் ஸ்டூல்

தையல்கடை ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு அன்று உள்ளே இருந்தவர்கள் மூன்று பேர். வெட்டுமேசையின் தலைமாட்டில் கட்டிங் மாஸ்டர், இஸ்திரிப் பெட்டியோரம் இஸ்திரிக்காரர், துணி மூட்டைமேல் சாய்ந்தபடி, பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கும் ஒட்டடைக்குச்சி. அவன் உடம்பு வாகுக்கு அந்தப் பேர். ஓவர்லாக் மெஷின் பக்கத்து ஸ்டூல் மட்டும் காலி. அது மாஸ்டரின் தங்கை புருஷனுடையது. குடியை நிறுத்தச் சிகிச்சை தரும் விடுதியில் இருப்பவன், அடுத்த வாரக் கடைசியில் திரும்புகிறான்.

வராதவனுக்கும் ஒரு கிளாஸ் சரக்கு ஊற்றி, வெட்டுத்துணியால் மூடி வைப்பது இந்தக் கடையின் வழக்கம். எழுந்து போகும்போது அதைப் பங்கு போட்டுக்கொள்வார்கள்.

“மாப்ள வந்துட்டா கிளாஸை மூடற துணிக்கு வேலையில்ல” என்று ஸ்டூலைத் துடைத்தான் ஒட்டடைக்குச்சி.

“அந்த ஸ்டூலை எடுத்துடலாமா?” என்றார் மாஸ்டர்.

“ஏன் மாஸ்டர், ஆளு செத்தா போயிட்டான்?” இஸ்திரிக்காரர் சிரித்தார். “நாம என்ன வாயில ஊத்தியா விடறோம்? அவனுக்கு சோடா வாங்கி வச்சாப் போச்சு. சும்மா பேசிக்கிட்டு இருக்கட்டும்.”

போன தடவை அவன் விடுதியிலிருந்து திரும்பியபோது இதையே சொன்னது மாஸ்டர்தான். ‘குடிக்கவா சொல்றேன், சும்மா உக்காரு மாப்ள’ என்று கையைப் பிடித்து உட்கார வைத்ததும் அவரேதான். மாப்பிள்ளையும் நல்ல பிள்ளையாகச் சோடாவைக் குடித்தான். சில நாள் கழித்து, ஒருவரும் சொல்லாமலே, அன்று வராத ஒருவனின் கிளாஸ்மேல் இருந்த வெட்டுத்துணியை விலக்கினான். யாரும் தடுக்கவில்லை. அவன் பழையபடி கிண்டலடிக்கத் தொடங்கியதும் கடைக்கே உயிர் வந்ததுபோல் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் மாஸ்டருக்கும் பங்கு இருந்தது. அவனை மறுபடி விடுதியில் சேர்த்த அன்று தங்கை கேட்டது ஒன்றே ஒன்று: “உன்னை நம்பித்தானேண்ணா அனுப்பினேன்?”

அத்தனையும் நினைவிருந்தும், கை அதுபாட்டுக்குக் கிளாஸை எடுத்தது.

மறுநாள் காலை மார்க்கெட் பக்கம் போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வந்து, வெட்டுமேசையில் எழுத உட்கார்ந்தார். விடுதியில் இருப்பவர்களோடு போனில் பேச விடமாட்டார்கள். விட்டாலும், அவன் குரலைக் கேட்டால் ‘சீக்கிரம் வாடா’ என்றுதான் வாயில் வரும்.

‘மாப்ள, நம்ம கடைக்கு வராதே. மார்க்கெட் பக்கம் யூனிபார்ம் தைக்கிற இடத்துல உனக்கு மெஷின் கேட்டிருக்கேன். அங்க வேலை முடிஞ்சா எல்லாரும் வீட்டுக்குப் போறவங்க. நீ இல்லாம எங்களுக்குப் பொழுது போகல. அதனால கூப்பிடத்தான் செய்வோம். நானே வாசல்ல வந்து நின்னாலும் வராதே.’

உறையின் வாயில் பசை தடவி, சூடேறாத இஸ்திரிப் பெட்டியைப் பாரமாக வைத்தார்.

“மாப்ளைக்கா மாஸ்டர்? நாங்க எல்லாம் காத்துக்கிட்டு இருக்கோம்னு எழுதினீங்களா?” என்றான் ஒட்டடைக்குச்சி.

“எழுதியிருக்கேன்டா” என்றவர், தெருமுனைக்கு நடந்து கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டார்.