கிளெமென்றின் வியாழக்கிழமை டியூட்டி

கிளெமென்றின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கொட்டாஞ்சேனை வீட்டில் புரியாணி பரிமாறத் தொடங்கியபோது, அழ வந்தவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சி.ஐ.டி.யில் இருந்து ஓய்வுபெற்ற அந்த மனிசன் தொட்டுப் பார்க்காத பொழுதுபோக்கு ஏது? அக்கோடியன் வாசித்தார், தெருநாய்கள் வாசலில் கூடி ஊளையிட்டன. வைன் போட்டார்; நத்தாருக்கு முதல்நாள் போத்தல்கள் வெடித்தன. சி.ஐ.டி. ஐயா உடனே குசினி வாசலில் கயிறு கட்டி, ஒருவரையும் உள்ளே விடாமல் சந்தேகநபரைத் தேடினார்.

"அத்தான் பல்கனியில தேனீ வளத்ததை மறந்திட்டியளோ?" என்றான் பெண்சாதி கொன்ஸ்ரன்ஸின் தம்பி றொஹான். "வீடு மந்திரிக்க வந்த ஃபாதரின்ர மூக்கு பப்பாசிப்பழம் மாதிரி வீங்கினதே!"

எல்லாரும் வயிறு குலுங்கச் சிரிக்க, விதவை கொன்ஸ்ரன்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தேனீ நாளில்தான் அவள் புருஷனை அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கினாள். இந்த வீட்டுக்குள் இனி ஒரு பொழுதுபோக்கும் கிடையாது! அவரும் மறுபேச்சில்லாமல் சத்தியம் பண்ணினார். அதற்குப் பிறகுதான் வியாழக்கிழமைக் கூத்துத் தொடங்கியது. சென்ற் பூசிக்கொண்டு வெளிக்கிடுவார். எங்கே என்று கேட்டால், "டியூட்டி. ரகசியம். கேக்காதை." பென்சன் எடுக்கிற ஆளுக்கு என்ன கோதாரி டியூட்டி? வேறு ஒருத்தி இருக்கிறாளோ என்று அவள் நெஞ்சு எரிந்தது. பிடித்து வைத்துக் கேட்பதற்குள் மனிசன் கண்ணை மூடிவிட்டார்.

அந்த நேரம் பார்த்து, முன்பின் தெரியாத ஒரு பெண் பெரிய பையோடு வந்து நின்றாள். மாலை போட்ட படத்தைக் கண்டதும், "ஐயோ, செபஸ்தியன் அண்ணை!" என்று குழறினாள். பெண்சாதியே இவ்வளவு உரத்து அழவில்லை. சோறு பிசைந்த கைகள் அப்படியே நின்றன.

"ஆர் நீங்கள்?" கொன்ஸ்ரன்ஸ் எழும்பி முன்னுக்கு வந்தாள். "இவர் செபஸ்தியன் இல்லை. கிளெமென்ற். என்ர மனிசன்."

"நான் மயிலம்மா, அக்கா. வெள்ளவத்தையில கம்பளிப் பின்னல் கிளாஸ் நடத்திறனான். பேப்பரில அறிவித்தல் படத்தைக் கண்டுதான் வந்தனான், பேர்தான் வேற. தபால் கந்தோரில வேலை செய்ததெண்டு எங்களுக்குச் சொன்னவர். சொந்த மீசைக்கு மேல ஒட்டுமீசையும் வைச்சுக்கொண்டு வருவார். பாவம், மனம் நோகுமெண்டு நாங்கள் ஒருத்தரும் கேக்கேல்லை."

பையில் இருந்து சிவப்புக் கம்பளிச் சுவெற்றர் ஒன்று வெளியே வந்தது. அதன் ஒரு கை முழங்கால் வரை நீண்டு கிடந்தது. மற்றக் கை இல்லவே இல்லை.

"அளவு கேட்டால், 'அஞ்சடி, தடிச்ச உடம்பு, இடது தோள் சரிவு, கோவக்காரி, கடைசியாகக் குசினியில் காணப்பட்டவர்' எண்டு சொல்லுவார். 'கலியாணம் கட்டின நாளில இருந்து நுவரெலியாக் குளிருக்குக் கூட்டிப்போறனெண்டு அவளை ஏமாத்திப்போட்டன். இந்த ஏப்ரலுக்காவது போகவேணும்' எண்டவர். வீட்டிலயும் கொஞ்சம் பின்னுங்கோ எண்டன். 'அந்தோனியாருக்குச் சத்தியம் பண்ணியிருக்கு, வீட்டுக்குள்ள ஏலாது' எண்டிட்டார்."

வீட்டுக்குள் என்றுதானே கொன்ஸ்ரன்ஸும் சத்தியம் கேட்டாள்! சத்தியத்தையும் காப்பாற்றி, அவளையும் பேய்க்காட்டிப்போட்டுப் போயிருக்கிறார் படுபாவி. அவள் விம்மி விம்மி அழுதாள். அதுக்குள்ளேயே சிரிப்பும் வந்துவிட்டது. அந்த வெக்கையில், சேலைக்கு மேல், சுவெற்றரை மாட்டிக்கொண்டாள்.

"அக்கா, வேர்க்கப்போகுது, கழட்டுங்கோ" என்றான் றொஹான்.

"வேர்க்கட்டும். நீ ஃபானைப் போடு."

கம்பளி இல்லாத கையைத் தடவிக்கொண்டு மயிலம்மா பக்கம் திரும்பினாள். "மற்றக் கையை நான் பின்னப்போறன். கிளாஸ் இன்னும் வியாழக்கிழமைதானே?"