சாராவின் குளிர்ந்த கை

சித்திரை மாதம் ராயபுரத்தில் மத்தியான வேளையில் நாய்கூட வெளியே தலைகாட்டாது. அந்த வெயிலில்தான் என் தம்பி பெண்டாட்டி சாரா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

தம்பி மேத்யூ மீன்பிடிக்கப் போன படகு, தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின வாரம் கடலில் காணாமல் போனது. எண்ணூர் தாண்டித் தேடியவர்களும் வெறுங்கையோடு திரும்பினார்கள். தவக்காலத்தில் நாங்கள் எல்லோரும் ஒருசந்தி இருப்போம், ஒரே வேளைச் சாப்பாடுதான். ஈஸ்டர் அன்று கறிக்குழம்போடு அது முடிந்துவிடும். சாரா முடிக்கவில்லை. அவர் வரும்வரை ஒருசந்தி என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். அந்த ஒரு வேளையும் போகப்போக அரை டம்ளர் கஞ்சித் தண்ணீராகச் சுருங்கியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கத்தினேன், கெஞ்சினேன், தட்டைத் தூக்கி எறிந்தேன். அவள் அசையவில்லை.

குளிர் அப்புறம்தான் வந்தது. குரல் கரகரத்தது. முடி கொத்தாகக் கொட்டியது. ஒன்று கேட்டால், பதில் வர வெகுநேரம் ஆனது. ஒருநாள் அவள் கையைத் தொட்டேன். ஐஸ்பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரி இருந்தது.

"இன்னாடி இது?"

"அவரு தண்ணியில கீறாரு அண்ணி. அந்தக் குளுருதான் எனக்குத் தெரியுது. செத்தவங்களுக்குக் குளுருமா? குளுருதுன்னா உசுரோட கீறாரு."

அங்கேயே நாலு அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவன் எனக்கும் தம்பிதானே.

பக்கத்து வீட்டுக் கார்குழலியின் புருஷனும் அதே படகில் போனவன். சாரா சொன்னதைக் கேள்விப்பட்டு அவள் வந்து சாராவின் கையைத் தொட்டுப் பார்த்தாள். "ஜில்லுனு கீது!" என்று முகம் மலரச் சிரித்தாள். மறுநாள் அந்தப் படகில் போன மற்றவர்களின் பெண்டாட்டிகளும் வந்தார்கள். தினமும் காலையில் பூசை முடிந்ததும் வந்து, கையைத் தொட்டு, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனார்கள். யாரோ அவள் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். குளிர் கூடக்கூட அவர்கள் முகம் தெளிந்தது. சாப்பிட்டாயா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் கத்துவதை நிறுத்தியிருந்தேன்.

பிறகு ஒருநாள் சாரா எழுந்தவள் அப்படியே சரிந்தாள். ஆட்டோ பிடித்துத் தண்டையார்பேட்டையில் டாக்டர் ஆஃபியாவின் கிளினிக்கில் சேர்த்தேன். நாடியை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தவர் முகம் சுருங்கியது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"ரத்தத்துல தைராய்டு ஹார்மோன் ரொம்பக் கம்மியா இருக்கு. ஆனா சுரப்பி நல்லாத்தான் இருக்கு."

"அப்பால இன்னா கோளாறு டாக்டர்?"

"சுரப்பி கம்மியாச் சுரந்தா, இன்னும் குடுன்னு மூளை அதை விரட்டும். இவங்க மூளை விரட்டவே இல்ல. பட்டினி ஒரு பக்கம். துக்கத்துல உடம்பு சுரக்கிற ஹார்மோன் இன்னொரு பக்கம். பஞ்சம் வந்துடுச்சுன்னு மூளை உடம்போட அடுப்பைக் குறைச்சு வெச்சிருக்கு. இருக்கிறதை வெச்சு உசுரை இழுத்துப் பிடிக்குது. அதான் இந்தக் குளிர்."

"மாத்திரை குடுங்க."

"அடுப்பை மட்டும் ஏத்தினா எரிய என்னம்மா இருக்கு? சாப்பாடுதான் மருந்து. அதையும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தரணும். இப்படியே விட்டா ஒருநாள் இதயம் நின்னுடும்."

கஞ்சியும் கரண்டியுமாக அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். சாரா உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"சாப்ட்டா சூடு வந்துடும் அண்ணி. வந்தா அவரு பூடுவாரு."

அதுவரை நான் வாய்விட்டுச் சொல்லாததைச் சொன்னேன். "அவன் போயி ரொம்ப நாளாச்சுடி. இது அவன் குளுரு இல்ல. உன் பசி."

கண்ணை மூடிக்கொண்டாள். நெடுநேரம் கழித்து வாய் கொஞ்சம் திறந்தது.

கொஞ்ச நாளில் நாடி தேறியது. விரல் நுனியில் வெதுவெதுப்பு ஏறியது. அன்று பார்க்க வந்த கார்குழலி வழக்கம்போல் கையைத் தொட்டாள். மறு கையையும் தொட்டாள். இரண்டையும் மெல்லக் கீழே வைத்துவிட்டு வெளியே போனாள். படிக்கட்டிலிருந்து அவள் ஒப்பாரி கேட்டது.

சாரா என்னை நேராகப் பார்த்தாள்.

"நீதான் அவரைச் சாவடிச்சே அண்ணி."

"ஆமாடி" என்றேன். கரண்டியை நீட்டினேன். அழுதுகொண்டே வாயைத் திறந்தாள்.