ஏமாற்றத்தில் பங்கு

திங்கட்கிழமை காலை அவள் அலுவலகக் கதவைத் திறக்கும்போதே உள்ளே போன் அடித்துக்கொண்டிருந்தது. ஹாக்கி கிளப்பின் டிக்கெட் பிரிவில் போன் எடுத்துப் பேசுவதுதான் அவள் வேலை. தோளில் தொங்கிய பையைக்கூடக் கழற்றாமல், நின்றபடியே எடுத்தாள். மறுமுனையில் இருந்தவர் பேசவே இல்லை. மூச்சு மட்டும் விட்டார். பெரிய பெரிய மூச்சாகக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, "சரிம்மா, வெச்சிடுறேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த மூச்சுக்கு அர்த்தம் அவளுக்கு நன்றாகவே தெரியும். முந்தின நாள் சாயங்காலம் அவளும் மைதானத்தில்தான் இருந்தாள்.

டிரா செய்தாலே அரையிறுதிக்குப் போய்விடலாம் என்ற ஆட்டம் அது. எதிரே வந்ததோ சீசன் முழுக்க அடிவாங்கி, புள்ளிப் பட்டியலில் கடைசியில் கிடந்த டீம். மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது நம் கிளப் பக்கம் இரண்டு கோல், அவர்கள் பக்கம் ஒன்றுமில்லை. பின்வரிசையில் ஒரு கூட்டம் அரையிறுதிக்குப் போக வேன் பேசவே ஆரம்பித்துவிட்டது. அப்போதுதான் கோச்சுக்கு என்ன தோன்றியதோ, நடுக்களத்தில் நன்றாக ஆடிக்கொண்டிருந்த சென்டர் ஹாஃபைக் கூப்பிட்டு வெளியே உட்கார வைத்தார். அதற்கப்புறம் நடந்ததையெல்லாம் வாயால் சொல்ல முடியாது. ஒரு பெனால்ட்டி கார்னரில் எதிராளிக்கு முதல் கோல். கோல்கீப்பர் தேவையில்லாமல் முன்னால் ஓடிவந்து விழ, அவருக்கு அடியிலேயே நழுவி உருண்டு போனது இரண்டாவது. ஆட்டம் முடிய ஒரு நிமிஷம்கூட இல்லாதபோது, எதிராளி சும்மா தட்டிவிட்ட சப்பைப் பந்து கோலைக் காக்க நின்ற நம் ஃபுல்பேக்கின் ஸ்டிக்கில் பட்டுத் திரும்பி உள்ளே போனது மூன்றாவது.

பக்கத்து இருக்கையில் இருந்த மாமனார் எழுந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கிப் போய்விட்டார். அவர் விட்டுப்போன, இருக்கையில் போட்டு உட்காரும் சின்ன மெத்தையையும் தண்ணீர் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு அவள் தனியாகப் பஸ் ஏறி வந்தாள். வீட்டில் அவர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். காலையில் "மாமா, காபி" என்று நீட்டியதற்கு "உம்" என்றார்.

அவளை ஹாக்கிக்குப் பழக்கியதே அவர்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர். பெற்ற பிள்ளைக்கோ, அதாவது அவள் புருஷனுக்கு, பந்து எந்தப் பக்கம் போனாலும் ஒன்றுதான். மைதானத்துக்குக் கூட்டிப்போனால் தூங்கிவிடுவான். கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் ஒருநாள் மரியாதைக்காகக் கூடப் போனாள். இரண்டாவது ஆட்டத்தில் எழுந்து நின்று கத்தினாள். மூன்றாவது ஆட்டத்தில் அம்பயரைத் திட்டினாள். அடுத்த சீசனுக்குப் பக்கத்துப் பக்கத்து இருக்கை எடுத்தாயிற்று. கிளப்பிலேயே வேலை காலியாக இருக்கிறது என்று விசாரித்துச் சொன்னவரும் அவர்தான். "வீட்டுக்கு மருமக வருவான்னு பாத்தேன், இவருக்குக் கூட்டாளில்ல வந்து சேந்திருக்கா" என்று மாமியார் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார்.

மேனேஜர் ஒன்பதரைக்கு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், ஒரு தாளை அவள் கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டினார். 'உங்கள் ஏமாற்றத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம். தொடர்ந்து உங்கள் ஆதரவை எதிர்பார்க்கிறோம்.'

"இதை மட்டும் சொல்லுங்க. கூடக்குறைய எதுவும் வேணாம். யாராவது சீசன் டிக்கெட்டை கேன்சல் பண்ணணும்னா கொஞ்சம் பேசி நிறுத்தப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்புறம் போன் ஓயவில்லை. ஒருவர் கோச்சின் வீட்டு விலாசம் கேட்டார். "எதுக்கு சார்?" என்றதற்கு, "சும்மா பாத்துப் பேசத்தான்" என்றார். ஒரு அம்மா, புருஷனுக்காகப் பேசினார். "அவரால பேச முடியலைங்க, தொண்டை கட்டியிருக்கு. பக்கத்துலதான் இருக்காரு. கையை ஆட்டி ஆட்டிச் சொல்றாரு, எனக்குத்தான் ஒண்ணும் புரியல. ஏதோ திட்டுறாருன்னு மட்டும் எழுதிக்கோங்க." இன்னொருவர், பஸ் கண்டக்டராம், அந்த ஃபுல்பேக் தன் பஸ்ஸில் ஏறினால் பாதி வழியில் இறக்கிவிடப்போவதாகச் சொன்னார். எல்லாரிடமும் அவள் தாளில் இருந்ததைப் படித்தாள். மத்தியானத்துக்குள் அந்த வாக்கியம் மென்று துப்பிய சக்கையாகிவிட்டது. ஒரு தடவை 'ஏமாற்றத்தில்' என்பதை 'ஏற்றத்தில்' என்று படித்து, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

எதிர் மேசையில் இருந்த சகாவுக்கு சைலன்சர் என்று பெயர். சைலன்சர் கழன்ற ஸ்கூட்டர் மாதிரி சத்தமாகப் பேசுவதால் வந்த பெயர். அன்றைக்கு அவன் குரலே இறங்கியிருந்தது.

"யக்கா, நம்மளும்தானே தோத்திருக்கோம்? நமக்கு யாருக்கா போன் பண்றது?" என்றான்.

அவளுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. காதில் மாட்டும் கருவி அழுத்தி, காது மடல் சிவந்து எரிந்தது.

மூன்று மணிக்கு மேல் ஒரு அழைப்பு வந்தது. "வணக்கம், டிக்கெட் பிரிவு" என்றாள். அந்தப் பக்கம் ஒரு செருமல். அவ்வளவுதான், முதுகு தானாக நிமிர்ந்தது. எட்டு வருஷமாகத் தினம் காலையில் பக்கத்து அறையிலிருந்து கேட்கிற செருமல்.

"சீசன் டிக்கெட் ஒண்ணு கேன்சல் பண்ணணும்மா" என்றார் மாமனார், ஊர் பேர் தெரியாதவரிடம் பேசுகிற குரலில்.

அங்கே போன் எடுக்கும் பெண் அவள் ஒருத்திதான் என்பது அவருக்குத் தெரியாதா? அவள் 'மாமா' என்று வாயெடுத்தாள். அப்புறம், அவர் வைத்துக்கொண்ட தூரத்தை ஏன் கெடுக்க வேண்டும் என்று தோன்றியது.

"உங்க இருக்கை எதுங்க சார்?"

சொன்னார். அவளும் தெரியாத மாதிரி தட்டிப் பார்த்தாள். பிறகு தாளைப் படித்தாள். "உங்கள் ஏமாற்றத்தில் நாங்களும் பங்கு கொள்கிறோம்..."

"இது எழுதிக் குடுத்ததாம்மா?"

"ஆமா சார்."

"நீங்களே சொந்தமா ஏதாவது சொல்லுங்களேன்."

மேனேஜரின் அறைக் கதவைப் பார்த்தாள். சாத்தியிருந்தது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "என்னத்த சார் சொல்றது? அந்த சென்டர் ஹாஃபை எதுக்கு வெளிய எடுத்தாங்க? கோல்கீப்பர் எதுக்கு அவ்வளவு தூரம் ஓடி வரணும்? கடைசி டீம்கிட்டப் போய்த் தோத்திருக்கோமே, வெளிய தலை காட்ட முடியுமா? எனக்கு நேத்து ராத்திரி சோறு இறங்கல சார்."

சைலன்சர் வாயைப் பிளந்து அவளையே பார்த்தான்.

"நான் அதுக்காகக் கேன்சல் பண்ணலம்மா" என்றார் அவர். "தோக்குறது நமக்குப் புதுசா? எத்தனை வருஷம் தோத்திருக்கோம். இது வேற. மூணாவது கோல் எப்படி விழுந்துச்சுன்னே எனக்குத் தெரியாது. கூட்டம் திடுக்குனு அமைதியாச்சு. சரி, நமக்குத்தான் விழுந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டேன்."

"ஏன் சார், திரும்பி உக்காந்திருந்தீங்களா?"

"பந்து தெரியலம்மா. போன வருஷத்துலேருந்தே தெரியல. ஆளுங்க நிழல் மாதிரி ஓடுறாங்க. பந்து இல்ல."

அவள் காதுக் கருவியை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"பக்கத்து சீட்டு என் மருமகளோடது. அவ கத்துவா. அதை வெச்சுதான் ஆட்டம் பாக்குறேன். 'அடி, அடி'ன்னா பந்து நம்மகிட்ட இருக்கு. 'ஐயோ'ன்னா போச்சுன்னு அர்த்தம். யாரு ஆடுறா, யாரு சொதப்புறா, எல்லாம் அவ வாயிலேருந்து வந்துடும். நேத்து ரெண்டாவது கோலுக்கு அப்புறம் அவ வாயே திறக்கல. எனக்கு ஆட்டமே நின்னுபோச்சு. இருட்டுல உக்காத்தி வெச்ச மாதிரி இருந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்."

இரண்டாவது கோல் விழுந்ததும் துப்பட்டா நுனியை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. மனுஷன் தன் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாரே, கோபத்தில் பார்க்கிறார் என்றல்லவா நினைத்தோம் என்று தோன்றியது.

"வீட்டுல சொன்னீங்களா சார்?"

"சொல்லல. சொன்னா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவாங்க. கண்ணுல கத்தி வெப்பாங்க. கிரேன் மேல அவ்வளவு உயரத்துல உக்காந்து, கீழ நிக்கிற ஆளோட விரல் அசையறதைப் பாத்து வேலை செஞ்சவன்மா நான். வாய் வரல."

"மருமகட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"அதான்..." என்று ஆரம்பித்து, அவர் செருமினார்.

"கேன்சல் இன்னிக்குப் பண்ண முடியாது சார்" என்றாள் அவள். அது பச்சைப் பொய். "அடுத்த வாரம் கடைசி ஆட்டம் ஒண்ணு இருக்கு. கோலுக்குப் பின்னாடி முதல் வரிசையில இடம் காலியா கிடக்கு. வலை மறைக்கும், பாதி மைதானம்தான் தெரியும்னு யாரும் எடுக்க மாட்டாங்க. ஆனா பக்கம். மாத்தித் தரட்டுமா?"

"பாதி போதும்மா. முழுசாப் பாத்தா நெஞ்சு தாங்காது" என்றார். அவர் சொன்ன தோரணைக்கு அவளுக்கு அன்றைய முதல் சிரிப்பு வந்தது.

"ஆனா கண்ணு விஷயத்தை இன்னிக்குச் சாப்பிடும்போது வீட்டுல சொல்லிடணும் சார். நீங்களே சொல்லணும்."

"பாக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

சைலன்சர் எழுந்து வந்தான். "யாருக்கா அது? வாடிக்கையாளர்கிட்ட இப்படியா பேசுறது? மேனேஜர் கேட்டா தொலைஞ்சோம்."

"தெரிஞ்சவங்கடா" என்று சொல்லிவிட்டு, கருவியைக் கழற்றிவைத்து முகம் கழுவப் போனாள்.

அன்று இரவு நாலு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. குழம்பு ஊற்ற மாமியார் கரண்டியை நீட்டியபோது, சொல்லிவிட்டார். "எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. ஒரு வருஷமாச்சு."

மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார். "ஒரு வருஷமாவா? அப்ப நான் புதுப் புடவை கட்டிட்டு வந்தப்ப 'நல்லாருக்கு'ன்னீங்களே, அது?"

"அது குத்துமதிப்பாச் சொன்னது" என்றார்.

மாமியார் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் உள்ளே எழுந்து போனார். புருஷன் எதுவும் கேட்காமல் போனை எடுத்து, மறுநாள் தன் வேலையை வேறொருவனுக்கு மாற்றிவிட்டான். ஹாக்கியில் தூங்குகிறவன் அன்றைக்கு விழித்துக்கொண்டிருந்தான். கண் ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். ஒன்று ஒன்றாக ஆபரேஷன், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். முதல் கண்ணுக்கு நாள் குறித்தார்கள். கடைசி ஆட்டம் முடிந்த பிறகுதான் என்று மாமனார் ஒரேயடியாக நின்று அப்படியே வாங்கினார்.

கடைசி ஆட்டத்துக்குக் கூட்டமே இல்லை. ஜெயித்தாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தபின் யார் வருவார்கள்? வந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு, எவனோ கூப்பிட்டதால் வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். போன வாரம் வேன் பேசிய கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் வந்து, செய்தித்தாளை விரித்துப் படித்துக்கொண்டிருந்தார். ஃபுல்பேக் களத்தில் இறங்கியபோது எங்கிருந்தோ ஒரு விசில் வந்தது, அதுவும் பாதியிலேயே நின்றுவிட்டது. திட்டுவதற்குக்கூட அலுத்துப்போயிருந்தது.

கோலுக்குப் பின்னால், வலைக்கு இந்தப் பக்கம் இருவரும் உட்கார்ந்தார்கள். பந்து கிட்டே வந்தபோது அவருக்கு ஓரளவு தெரிந்தது. தூரப் போனதும் அவள் சொன்னாள். "பந்து இடது பக்கம் மாமா. நம்ம சென்டர் ஹாஃப் எடுத்துட்டாரு. ஒருத்தனைத் தாண்டிட்டாரு. போச்சு, விட்டுட்டாரு." முதல் பாதியில் நம் டீம் காத்த கோல் இவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்த பக்கம் இருந்தது. அங்கே விழுந்த ஒரு கோலை அவர் கண்ணாரப் பார்த்தார். "அடச்சே, காலுக்கு நடுவுலயா விட்டான்?" என்று எழுந்து நின்று கத்தினார். மைதானத்தில் அன்றைக்குக் கேட்ட பெரிய சத்தம் அதுதான். கோல்கீப்பரே திரும்பிப் பார்த்தார்.

இரண்டாம் பாதியில், தூரத்துக் கோலில், நமக்கு இன்னொன்று விழுந்தது. துப்பட்டா நுனிக்கு அவள் கை தானாகப் போனது. ஆனாலும் வாயை மூடவில்லை. தோற்கிற ஆட்டத்தை, தப்பை, தடுமாற்றத்தை, கடைசி விசில் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. ஏறிய கொஞ்ச நேரத்தில் அவர் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டார். இறங்கும் இடம் வந்ததும் எழுப்பலாம் என்று இருந்தவள், தானும் கண்ணயர்ந்துவிட்டாள். கண்டக்டர் தோளைத் தட்டியபோது பஸ் வீட்டைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தது.

இறங்கித் திரும்பி நடந்தார்கள். கடைகள் சாத்திக்கொண்டிருந்தன. மேடு பள்ளம் வரும்போதெல்லாம் அவர் அவள் தோளில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னிக்கு விழுந்த ரெண்டாவது கோல் கோல்கீப்பர் தப்பில்லம்மா" என்றார் பாதி வழியில். "அந்த ஃபுல்பேக்தான்."

"ரெண்டு பேர் தப்பும்தான் மாமா. நான் பாத்தேன்."

"அடுத்த சீசன் நானே பாத்துட்டு உங்கிட்டப் பேசுறேன், இரு" என்றார் அவர். வீடு இன்னும் தூரமாக இருந்தது. இருவரும் களைப்பாக, மெல்ல நடந்தார்கள்.