மூடி திறக்காத பாட்டில்

“அந்தக் காகிதத்த இங்க குடு அம்மிணி” என்று கணவர் ரத்தினசாமி கையை நீட்டினார். சுப்புலட்சுமி கொடுக்கவில்லை. பட்டுச்சேலை கட்டி, பூ வைத்து, கல்யாணத்துக்கென்று வாசல்வரை வந்த பிறகு, பத்திரிகைக்குள் மடித்து வைத்திருந்த அந்தத் தாளை அவள் படித்திருக்கக் கூடாது. படித்துவிட்டாள். முகம் செத்துப் போயிற்று.

அவளோடு ஒரே செக்கிங் டேபிளில் எட்டு வருஷமாக நின்று பனியன் பிசிறு வெட்டும் செல்லத்தாயின் மகன் ராபினுக்கு அன்று கல்யாணம். கம்பெனி ஆட்களில் முக்கால்வாசிப் பேர் மாதா கோவிலுக்குள் நுழைந்ததே இல்லை. வந்து திருதிருவென்று முழிக்க வேண்டாமே என்று மாப்பிள்ளையே உட்கார்ந்து எழுதி, நூறு ஜெராக்ஸ் போட்டுப் பத்திரிகையோடு கொடுத்திருந்தான். செருப்பை வாசலில் விடவும். செல்போனை அணைத்து வைக்கவும். எல்லோரும் எழுந்தால் நீங்களும் எழுந்து நிற்கலாம்; முழங்காலிடும்போது உட்கார்ந்தே இருக்கலாம். தாலி கட்டும்போது உள்ளே அரிசி தூவ வேண்டாம். நற்கருணை அப்பம் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெற்றவர்களுக்கு மட்டுமே, அந்த வரிசையில் வர வேண்டாம், தவறாக நினைக்காதீர்கள்.

கடைசி வரிதான் அவளைப் பிடித்து நிறுத்தியது. ‘விரதம் இருக்கும் விருந்தினர்களுக்கு மண்டபத்து மாடியில் பழமும், மூடி திறக்காத குளிர்பானமும் தனியாக வைத்திருக்கிறோம்.’

ரத்தினசாமி எட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார். “பரவால்லையே! நம்ம சங்கடம் அவீகளுக்கே தெரிஞ்சிருக்குது. வசதியாப் போச்சு.”

“ஏனுங்க, இன்னைக்குப் புதங்கெழமை. கிருத்திகையுமில்ல, சஷ்டியுமில்ல. என்ன வெரதம்னு சொல்லுவீங்க?”

“யாரு கேக்கப் போறாங்க?”

அதுதானே? யாரும் கேட்டதில்லை. செல்லத்தாய் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து அருள்புரத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, “ஊருக்குள்ளயா, காலனியா?” என்று கேட்டுத் தெரிந்துகொண்ட கம்பெனி அது. அதற்குப் பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? கிறிஸ்துமஸுக்கு அவள் முறுக்கு கொண்டுவந்தால் சுப்புலட்சுமிக்குக் கிருத்திகை. ஈஸ்டருக்கு மறுநாள் கறிக்குழம்பு கொண்டுவந்தால் சஷ்டி. முருகனுக்கே தெரியாத விரதங்களையெல்லாம் அவர் தலையில் கட்டினாள் புண்ணியவதி.

அதே செல்லத்தாய்தான், சுப்புலட்சுமிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது லீவு போட்டு ஆஸ்பத்திரியில் நாலு நாள் கூடவே கிடந்தவள். துணி அலசினாள், உடம்பு துடைத்துவிட்டாள். அந்தக் கை உடம்பைத் தொடலாம். இலையில் சோறு மட்டும் வைக்கக் கூடாது. என்ன நியாயமோ!

“நான் இன்னைக்குப் பந்தியில உக்காரப் போறனுங்க” என்றாள்.

ரத்தினசாமியின் சிரிப்பு நின்றது. “கலைமகளுக்கு வரன் பாத்துட்டு இருக்கறோம். உங்க கம்பெனியில வேல செய்யற உன்ற அண்ணன் ஊட்டுச் சம்பந்திக அத்தன பேரும் அந்த மாடியிலதான் இருப்பாங்க. புள்ள வாழ்க்கையில மண்ணப் போட்றாத.” அத்தோடு வண்டியை எடுத்தார். மகள் பேரைச் சொன்னதும் அவளும் பின்னால் ஏறிக்கொண்டாள்.

கோவிலில் பாட்டும் ஜெபமும் நடந்தன. நற்கருணைக்கு வரிசை நகர்ந்தபோது சுப்புலட்சுமி தாளில் சொன்னபடி பெஞ்சிலேயே இருந்தாள். இவர்கள் வராதே என்றால் காரணத்தைச் சொல்லி, தவறாக நினைக்காதே என்று மன்னிப்பும் கேட்கிறார்கள். நான் எட்டு வருஷமாகப் பொய்யல்லவா சொன்னேன் என்று நினைத்தாள். வரிசையில் கைகூப்பிப் போன செல்லத்தாய் அவளைப் பார்த்துப் புன்னகைத்தபோது, இவளுக்குத் தலை நிமிரவில்லை.

மண்டபத்தில் கீழே பிரியாணி மணம். மாடியில் நாற்பது நாற்காலி. ஆபீஸ் ஸ்டாப், லைன் சூப்பர்வைசர்கள், சுப்புலட்சுமியின் சொந்தக்காரர்கள் என்று காலண்டரில் இல்லாத விரதத்தை நாற்பது பேர் பக்தியாக அனுசரித்துக்கொண்டிருந்தார்கள். ரத்தினசாமி ஒரு நாற்காலியைக் காட்டினார். சுப்புலட்சுமி உட்கார்ந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா, அரக்குப் பட்டுச்சேலையும் தலை நிறைய மல்லிகையுமாக, பாட்டில் பெட்டியைத் தானே இழுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, மூடி திறக்காமலிருப்பதைக் காட்டி, அவர்கள் கண்ணெதிரே ஓப்பனரால் திறந்து கொடுத்தாள். “கைபடாததுதாங்க” என்று ஒவ்வொருவரிடமும் சொன்னாள். வாங்கியவர்கள் தலையசைத்தார்கள். ஒருத்தருக்காவது கூசவில்லை.

சுப்புலட்சுமியின் முன்னாலும் குனிந்தாள். “வந்தியளாக்கா? ரொம்ப சந்தோசம். கைபடாததுதான்...”

“தொறக்காத செல்லத்தாயி.” “எனக்கு வெரதமில்ல. என்னைக்குமே இருந்ததில்ல.”

“அம்மிணி!” என்றார் ரத்தினசாமி. அவள் எழுந்துவிட்டாள். படியிறங்கும்போது கலைமகளின் முகம் கண்முன் வந்தது. ஆனாலும் இறங்கினாள்.

பந்தியில் ஒரு ஓரத்து இலை காலியாக இருந்தது. பின்னாலேயே வந்த செல்லத்தாய், பரிமாறுகிறவர் கையிலிருந்து தட்டை வாங்கித் தானே பிரியாணி வைத்தாள்.

“என்னைய மன்னிச்சுரு கண்ணு. பொய் சொல்லிச் சொல்லியே உன்னைய...”

“தெரியும்க்கா.”

“தெரியுமா?”

“ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் பனியன் பேல் மறைவுல ஒக்காந்து ஒங்க சோத்து டப்பாவத் தொறந்து அவசர அவசரமாச் சாப்பிடுவியள்லா? மொத வருசமே பாத்துட்டேன். நான் பாத்தது தெரிஞ்சா வெக்கப்படுவியளேன்னு, அதுக்கப்புறம் அந்த நேரத்துல அந்தப் பக்கமே வரமாட்டேன்.” தயிர்ப் பச்சடியை இலையோரம் வைத்தாள். “மாடியில பாட்டில் வைக்கணும்னு ராபின்ட்ட சொன்னதும் நாந்தான். அவன் மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னான். கல்யாணத்தன்னைக்கு யாரும் முகம் சுளிக்க வேண்டாமுல்லான்னு நாந்தான் எழுத வச்சேன். சாப்பிடுங்கக்கா, ஆறிரும்.”

அவள் குரலில் கோபம் இல்லை. கோபமாவது பட்டிருந்தால் சுப்புலட்சுமி தாங்கியிருப்பாள். முதல் கவளத்தை விழுங்கினாள். ஒரு வாய்ச் சோற்றில் எட்டு வருஷம் தீர்ந்துவிடும் என்று நினைத்து இறங்கி வந்த தன் புத்தியை நினைத்து அதற்கும் வெட்கப்பட்டாள்.

“ஏ செல்லத்தாயி!” மாடிப்படி மேலிருந்து சூப்பர்வைசர் மாரப்பன் குரல் கொடுத்தார். “இன்னும் ரண்டு பேரு வந்திருக்கறாங்க. பாட்டல் கொண்டா.”

“இந்தா வந்துட்டேங்க” என்று மாப்பிள்ளையின் அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மாடியேறினாள்.