ரிவர்ஸில் வந்த மாப்ளே

நீல லாரியின் கியர் பாக்ஸ் ஒரு புதன்கிழமை காலை ஒன்பதே முக்கால் மணிக்குப் பேசத் தொடங்கியது. அது சொன்ன முதல் வார்த்தை "கழுதை". அடுத்து, "கிளட்ச்ச முழுசா மிதி" என்றது. லாரியை ஓட்டியவரை எல்லோரும் பஞ்சு என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரன் அடித்துவிட்டு, அடித்ததற்காக ஜன்னல் வழியே தலையை நீட்டி மன்னிப்புக் கேட்கிற மனிதர். கியர் பாக்ஸ் திட்டியதும் அவர் பயப்படவில்லை. அந்தக் குரலோடு அவருக்குப் பதினான்கு வருஷப் பழக்கம். அது அவர் மனைவியுடைய அண்ணனின் குரல். பழக்கதோஷத்தில் "சரிங்க மச்சான்" என்று சொல்லிவிட்டு கிளட்ச்சை முழுசாக மிதித்தார்.

மச்சானின் பட்டப்பெயர் இடி. அவருடைய சிவப்பு லாரி அதற்கு இரண்டு வாரம் முன்னால் பாலத்துச் சரிவில் மூன்று குட்டிக்கரணம் போட்டு, கசக்கி எறிந்த காகிதம் மாதிரி கிடந்தது. இடிக்கு ஒரு கீறல்கூட இல்லை. குரல் மட்டும் போய்விட்டது. டாக்டர் தொண்டைக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வீடு நல்லாத்தான் இருக்கு, குடியிருந்தவங்கதான் காலி பண்ணிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து இடி சட்டைப் பையில் சாக்பீஸ் வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சுவரிலும் கதவிலும் எழுதினார். அவசரத்துக்கு ஒருமுறை, நின்றுகொண்டிருந்த மாட்டின் முதுகிலும் எழுதினார்.

அதே வாரம் நீல லாரியின் இன்ஜின் இறுகி நின்றுபோனது. மாதம் முடிவதற்குள் வண்டி வராவிட்டால் கல் குவாரியில் வேறு லாரி வைத்துக்கொள்வார்கள். பஞ்சு இரண்டு நாள் பானெட்டைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவி, சோற்றை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற சாவகாசத்தோடு சொன்னாள்: "அண்ணன் வண்டிக்கு உடம்பு போச்சு, நம்ம வண்டிக்கு உசுரு போச்சு. எடுத்து மாத்தி வைக்க வேண்டியதுதானே?" இடி, தங்கை வீட்டுப் பின்கதவில் எழுதினார்: அவன்கிட்ட குடுத்தா முப்பதுக்கு மேல போகமாட்டான். தங்கை அதை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, அண்ணன் சம்மதித்துவிட்டதாக எடுத்துக்கொண்டாள்.

அந்த 'அவன்' பதினான்கு வருஷத்து 'அவன்'. கல்யாணத்தன்று பெண்வீட்டாரை ஏற்றிவந்த பஞ்சு, சாலையைக் கடந்த வாத்துக் கூட்டத்துக்கு வழிவிட்டு இருபது நிமிஷம் நின்றார். கடைசி வாத்து பாதியில் மனம் மாறித் திரும்பிப் போனபோதும் நின்றார். பின்னால் நின்ற இடிக்கு அன்றைக்கு வந்த கோபம் இறங்கவே இல்லை. தங்கை புருஷனை ஊரே மாப்ளே என்று கூப்பிடும்போது, அவர் மட்டும் நேரில் 'ஏய்' என்பார், முதுகுக்குப் பின்னால் 'அவன்' என்பார். பஞ்சு யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. இந்த ஒரு வார்த்தைக்காக மட்டும், மச்சான் வாயைத் திறக்கும்போதெல்லாம் காதைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொள்வார். மச்சானின் குரல் போன அன்று அதிகமாக அழுதவர் அவர்தான்.

மாற்று வேலையைச் செய்தது ஸ்பேனரம்மா. மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை ஃபியூஸ் கம்பியால் கட்டிக்கொண்டு, தனியாகப் பட்டறை நடத்துகிறவள். சிவப்பு லாரியின் இன்ஜினையும் கியர் பாக்ஸையும் சங்கிலி போட்டுத் தூக்கினாள். கழற்றிய போல்ட்டுகளை இனம் இனமாகத் தகர டப்பாக்களில் போட்டாள். நீல லாரியின் சட்டத்தில் துளைகள் ஒத்துவராததால் புதிதாக நான்கு போட்டாள். நான்கு விரல்கடை நீண்டிருந்த ஷாஃப்ட்டை வெட்டிப் பற்றவைத்தாள். ஐந்தாம் நாள் ஒரே ஒரு போல்ட் மிஞ்சியது. போல்ட் மிஞ்சாத வேலையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. நிம்மதியாக எடுத்து மற்றவற்றோடு டிராயரில் போட்டாள். அவள் செய்த தப்பு வேறு. கியர் பாக்ஸை வண்டி மாற்றினால் பழைய ஆயிலை வடித்துவிட வேண்டும் என்பது பட்டறை விதி. இந்த ஆயிலையோ, விபத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் இடி தன் கையால் ஊற்றியிருந்தார். "தேன் மாதிரி இருக்கு. இதக் கொட்ட மனசு வருமா?" என்று அப்படியே விட்டுவிட்டாள்.

குரல் அந்த ஆயிலில் இருந்தது. முதல் கியரில் திட்டியது. இரண்டாவதில் புத்தி சொன்னது. மூன்றாவதில் அக்கம்பக்கத்து வம்பு பேசியது. நான்காவதில் மட்டமான சுருதியில் ஏதோ பாடியது. முதல் நாள் மாலை குவாரியில் கல் ஏற்றுவதற்காகப் பஞ்சு ரிவர்ஸ் போட்டார். "பாத்து வாங்க மாப்ளே" என்றது கியர் பாக்ஸ். "இன்னும் கொஞ்சம் வரலாம் மாப்ளே. நான் பாத்துக்கறேன் மாப்ளே." பஞ்சு பிரேக்கை மிதித்தார். பிறகு வண்டியை முன்னால் எடுத்து மறுபடி பின்னால் வந்தார். அன்று பதினோரு தடவை வந்தார். இடத்தை அளக்கிறார் என்று குவாரி ஆட்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மறுநாளிலிருந்து அவர் குவாரிக்கும் ஊருக்கும் இடையிலிருந்த ஆறு கிலோமீட்டரையும் ரிவர்ஸிலேயே ஓட்டினார். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. எதிரே வருகிறதா போகிறதா என்று தெரியாமல் தெருநாய்கள் மட்டும் குரைப்பதை நிறுத்திக்கொண்டன. பஞ்சுவின் கழுத்து வலது பக்கமாகத் திரும்பி நின்றுவிட்டது. மனைவி தைலம் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, வண்டி முன்னாடி போகாதா?"

"போகும். மரியாதையாப் போகாது."

அவள் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போய்க் கேட்டுவிட்டு, நேராக அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து கேபினில் ஏற்றினாள். பஞ்சு ரிவர்ஸ் போட்டார். தன் குரல் குழைவதைக் கேட்டதும் இடியின் முகம் சிவந்தது. சாக்பீஸை எடுத்து டேஷ்போர்டில் அழுத்தி எழுதினார்: இது நான் இல்லை. "நான்தான் மாப்ளே" என்றது கியர் பாக்ஸ்.

ஏழாவது வாரம் குரல் கம்மியது. கேபினுக்குள் கருகல் வாடை வந்தது. ஸ்பேனரம்மா அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள். "ரிவர்ஸ்ங்கிறது வாசல்ல திரும்பறதுக்கு வச்சது. நீ அதுலயே குடித்தனம் பண்ணிட்டே. ஆயில் கருகிப் போச்சு. இன்னைக்கே மாத்தலேன்னா பாக்ஸ் உடையும்." ஆயிலைச் சூடாக வடித்து, இடி அதன் ஆவியைப் பிடித்தால் குரல் போன இடத்துக்கே திரும்பிவிடும் என்றாள். ஹாரன் ஒன்றில் சிக்கிய இருமலை அப்படித்தான் ஒருவருக்கு மீட்டுக் கொடுத்தாளாம். இன்னொரு வழியும் இருந்தது. தயிருக்கு உறை ஊற்றுவது போலப் பழைய ஆயிலில் ஒரு டம்ளரைப் புதியதில் கலந்துவிட்டால் குரல் வண்டியிலேயே தங்கிவிடும். ஆனால் ஒரு டம்ளர் குறைந்தாலும் ஆவி பலிக்காது. "ரெண்டுல ஒண்ணுதான். வண்டி உன்னோடது, நீ சொல்லு."

மனைவி அண்ணனையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்த இடி, கையில் சாக்பீஸ் இருந்தும் முதல்முறையாக எதையும் எழுதவில்லை. பஞ்சு ஐந்து நிமிஷம் அவகாசம் கேட்டார். லாரியில் ஏறி, பட்டறை முற்றத்தை ரிவர்ஸில் ஒரே ஒரு சுற்று சுற்றினார். இறங்கி, தானே அடியில் படுத்து, திருகாணியைத் திறந்தார்.

முதலில் திட்டெல்லாம் கொட்டியது. பின்னாலேயே புத்திமதியும் வம்பும் பாட்டின் நாலைந்து வரிகளும் வந்தன. கடைசியில் கெட்டியான மூன்று சொட்டு, விட்டு விட்டு, மாப்ளே, மாப்ளே, மாப்ளே என்று அடியில் வைத்த பாத்திரத்துக்குள் விழுந்தது. பஞ்சு தனக்கென்று ஒரு சொட்டுகூட எடுத்து வைக்கவில்லை. இடி ஜலதோஷக்காரர் மாதிரி தலையோடு துண்டைப் போர்த்திக்கொண்டு கால்மணி நேரம் குனிந்திருந்தார். நிமிர்ந்தபோது மூக்கு நுனி கறுத்திருந்தது. மூன்று பேரும் அவர் வாயையே பார்த்தார்கள். பஞ்சுவின் காது தானாகச் சாய்ந்தது.

"ஏய், வாஷர மாத்திப் போடு" என்றார் இடி.

"சரிங்க மச்சான்" என்று பஞ்சு மறுபடி அடியில் படுத்துக்கொண்டார். அங்கே முகத்தை யாரும் பார்க்க முடியாது.

இடி வீட்டுக்குக் கிளம்பினார். கேட்டருகே வேறொரு லாரி உள்ளே நுழைந்ததால் நாலு அடி பின்னால் வைக்க வேண்டியதாயிற்று. "இறுக்கினது போதும் எந்திரிங்க மாப்ளே, சட்டையெல்லாம் அழுக்காகுது பாருங்க" என்று அவர் வாய் சொன்னது. சட்டென்று நின்றார். ஓரடி முன்னால் வைத்து, "ஏய்" என்றார். ஓரடி பின்னால் வைத்தார். "மாப்ளே." கையால் வாயைப் பொத்திக்கொண்டு, முன்னால் பார்த்தபடியே வேகமாக நடந்து போய்விட்டார். கியர் பாக்ஸில் இருந்துவிட்டு வந்த குரல், அப்படித்தான் இருக்கும் என்றாள் ஸ்பேனரம்மா.

அவரைப் பின்னால் நடக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, தெருமுனையிலிருந்தே முதுகைக் காட்டிக்கொண்டு, தங்கை வீட்டை நோக்கி ஒவ்வோர் அடியாக வந்தார். வாசல்படியில் குதிகால் தட்டியது. "வாங்க மச்சான்" என்றார் பஞ்சு. "வந்தேன் மாப்ளே" என்றார் இடி, தெருவைப் பார்த்தபடி.

இது நடந்து ஒன்பது வருஷம் ஆகிறது. நீல லாரி வாயே திறக்காமல் முப்பதில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை, அண்ணன் வரும் வழியிலிருந்து தண்ணீர் வாளியை நகர்த்தி வைத்துவிடுகிறாள்.