டூர்ஹில்லுக்கு ஆறுதல் சொன்னவர்கள்

டூர்ஹில் எங்கள் வார்டில் இருபத்தெட்டு வருடங்களாக நர்ஸ். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிவரை அவள் ஒரு மாத்திரையைக்கூட மாற்றிக் கொடுத்ததில்லை. எட்டேகாலுக்கு, குடல் பரிசோதனைக்குக் காத்திருந்த இங்வால்டுக்குத் தர வேண்டிய இரண்டு லிட்டர் பேதி மருந்தை, மணிக்கட்டு முறிந்து அதே அறையில் படுத்திருந்த ஆஸ்பியர்னுக்குக் கொடுத்துவிட்டாள்.

ஜன்னலோரக் கட்டில் இங்வால்டுடையது என்று பலகையில் இருந்தது. "இங்வால்ட்தானே?" என்று கேட்டாள். காதுக் கருவியைக் கழற்றி வைத்திருந்த ஆஸ்பியர்ன் தலையாட்டினார். நாற்பது வருடம் பயணிகள் படகில் கேப்டனாக இருந்தவர். கையில் கொடுத்ததை மிச்சம் வைக்கமாட்டார். கடைசி டம்ளரை வைத்துவிட்டு, "உங்க எலுமிச்சை ஜூஸ்ல உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றார்.

பத்து மணிக்குள் வார்டு முழுக்க விஷயம் தெரிந்துவிட்டது. முதலில் தெரிந்தது ஆஸ்பியர்னுக்குத்தான்.

டூர்ஹில் எதையும் மறைக்கவில்லை. டாக்டரைக் கூப்பிட்டாள், ரத்தம் எடுத்தாள், உப்புநீர் ஏற்றினாள். பிறகு வார்டு அலுவலகத்தில், எழுத்தரான என் பக்கத்துக் கணினியில் உட்கார்ந்து, தன் தவறைத் தானே பதிவு செய்தாள்.

கால் மணி நேரத்தில் ஷூர் வந்து நின்றார். எலும்பு டாக்டர், முப்பத்தாறு வயது. தவறு நேர்ந்துவிட்ட ஊழியர்களுக்குத் துணையாக இருப்பது எப்படி என்று இரண்டு நாள் பயிற்சி முடித்து, சட்டையில் பச்சை வில்லை குத்திக்கொண்டு ஏழு வாரமாகக் காத்திருந்தவர். ஒருவரும் அவரிடம் போகவில்லை. அதனால் முகத்தில் சந்தோஷத்தை மறைக்க ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"இப்ப உங்களுக்கு எப்படி இருக்கு, டூர்ஹில்?"

"எனக்கு என்ன? கழிப்பறையில இருக்காரே, அவரைக் கேளுங்க."

ஷூர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தார். "நீங்க தனியா இல்ல" என்று வாசித்தார்.

அது உண்மையாகிவிட்டது. அடுத்த மூன்று நாட்கள் அவளை ஒருவரும் தனியாக விடவில்லை. சமையலறையிலிருந்து ஆறுதலுக்கு வாஃபிள் அப்பமும் பழுப்புச் சீஸும் வந்தன. நடைவழியில் எதிர்ப்பட்டவர்கள் எல்லாரும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவள் தோளைத் தொட்டார்கள். தலைமை நர்ஸ் குன்வோர், "நீ கொஞ்சம் ஓய்வா இரு" என்று மருந்து வண்டியை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு துண்டு மடிக்க அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை ஷூர் துணி அறைக்குள் எட்டிப் பார்த்தபோது, டூர்ஹில் மடித்த துண்டையே பிரித்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மூணு நாளா எனக்குத் துக்கம் விசாரிக்கிறீங்க. என்ன நடந்துச்சுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

"துருவித் துருவிக் கேக்கக் கூடாதுன்னு அட்டையில…"

"அந்த அட்டையை உள்ள வைங்க."

உள்ளே வைத்தார். "சரி. என்ன நடந்துச்சு?"

அவள் சொல்லத் தொடங்கினாள். "கைப்பட்டையில பேரு இருந்துச்சு. நான் பார்க்கல. இருபத்தெட்டு வருஷமா ஆளுங்க முகத்தைப் பார்த்தே வேலை செய்யறேன்னு எனக்கு ஒரு பெருமை. அப்புறம்தான் அவரோட ஃபைலை எடுத்தேன். சிறுநீரகம் கெட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? அந்தப் பக்கத்தையே மூணு தடவை படிச்சேன்." சொல்லிவிட்டு ஒரு துண்டில் மூக்கைச் சிந்தினாள். மடித்து முடித்த துண்டு.

ஷூர் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார். "போன வருஷம் இடது முழங்கால்ல பண்ண வேண்டிய ஆபரேஷனுக்கு வலதுல பேனாவால கோடு போட்டுட்டேன். கத்தி எடுக்கறதுக்கு முன்னாடி நர்ஸ் பார்த்துட்டாங்க. ஒரு மாசம் ஷூ போடறப்பகூட எது இடதுன்னு யோசிச்சேன். யாரும் என்கிட்ட பேசல. அதான் இந்தப் பயிற்சிக்குப் போனேன்."

"இதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"அட்டையில இல்ல."

இருவரும் ஆறாம் அறைக்குப் போனார்கள். ஆஸ்பியர்ன் அவளைப் பார்த்ததும் போர்வையை முகம்வரை இழுத்துக்கொண்டார்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றாள் டூர்ஹில்.

"நீ எதுக்கும்மா? நான்தான் இங்வால்ட்கிட்ட ஜன்னலைக் கேட்டு வாங்கிக் கட்டில் மாறினேன். பத்தரை மணிப் படகு நேரத்துக்கு வருதான்னு பார்க்கணும்னு. என்னால உன் வேலை போச்சுன்னு மூணு நாளா தூக்கமே இல்ல."

"வேலை போகல. துண்டு மடிக்கிறேன்."

"அப்ப போனதுதானே."

பக்கத்துக் கட்டிலிலிருந்து இங்வால்ட், "கட்டிலைக் குடுத்தது நான். என்னையும் சேர்த்துக்குங்க" என்றார்.

ஷூருக்கு ஒரே அறையில் இன்னும் இரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். நாற்காலியை நடுவில் இழுத்துப்போட்டார். "சரி, அன்னைக்குப் படகு நேரத்துக்கு வந்துச்சா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் கழிப்பறையில இருந்தேன்."

அன்று மாலையே டூர்ஹில் குன்வோரிடம் போனாள். "துண்டு போதும். இது எப்படி நடந்துச்சுன்னு எல்லாருக்கும் செஞ்சு காட்டறேன்."

வீட்டுக்குப் போயிருந்த ஆஸ்பியர்ன் அடுத்த வாரம் பயிற்சிக்காகவே படகேறி வந்தார். கையில் தன் பெயர்ப் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தார். பலகையில் வேறு பெயர். குடுவையில் நிஜமான எலுமிச்சை ஜூஸ். பன்னிரண்டு பேர் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எந்தப் பெயரைச் சொன்னாலும் கேப்டன் அழகாகத் தலையாட்டினார். ஏழு பேர் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். நான்காவது ஆள் குன்வோர்.

"நான் பட்டையைப் பார்த்தேனே" என்றார் குன்வோர்.

"பார்த்தீங்க. படிக்கல" என்றாள் டூர்ஹில்.

குன்வோரின் முகம் வெளுத்துவிட்டது. யாரும் வாஃபிள் எடுத்து வரவில்லை. டூர்ஹில் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அவசரமில்ல. உள்ள வந்ததுலேருந்து சொல்லுங்க."

ஏழாவது டம்ளரில் கேப்டன், "போதும்மா, எனக்கு மறுபடி பயமா இருக்கு" என்று எழுந்துவிட்டார்.

அதற்கடுத்த திங்கட்கிழமை மருந்து வண்டி டூர்ஹில் கைக்குத் திரும்பியது. முதல் கட்டிலில் சோல்ஃப்ரிட், அவளோடு பள்ளியில் படித்தவள். பக்கத்தில் அவளுடைய புதுக் கணவர்.

"பேரு? பிறந்த தேதி?"

"என்னடி இது? ஒண்ணாங் கிளாஸ்லேருந்து ஒரே பெஞ்சு."

"தெரியும். சொல்லு."

சோல்ஃப்ரிட் கணவரைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், பிறகு மெல்லிய குரலில், பிறந்த வருடத்தோடு சொன்னாள். டூர்ஹில் பட்டையோடு ஒப்பிட்டுப் படித்துவிட்டு மாத்திரையைக் கொடுத்தாள். கணவர் விரல்விட்டு ஏதோ கணக்குப் போட்டார். முடித்துவிட்டு இன்னொரு முறை போட்டார். பிறகு காபி வாங்கி வருவதாகச் சொல்லி எழுந்து போனார்.